மூக்கண்ணன் பார்த்தாச்சா?

மூக்கண்ணன் என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலில் வந்தது, கொழுந்தனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த காலத்தில். பெண்ணுக்கு அப்பா அம்மா இல்லை, ஓர் அண்ணன் மட்டும்தான், ஊரில் அவரை மூக்கண்ணன் என்பார்கள் என்று தரகர் சொன்னதும் மாமியார் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏங்க, பொண்ணுக்கும் அதே மூக்குதானா?"

"மூக்கு பெருசில்லம்மா, மூக்கு கூர்மை. ஐஸ் கம்பெனியில அவர் மோந்து பாத்துச் சரின்னு சொன்னாத்தான் பொம்பளைங்க வேலைக்கே உள்ள போவாங்க" என்றார் தரகர்.

"மோந்து பாக்குறதுக்கெல்லாமா ஆள் வச்சுச் சம்பளம் தர்றாங்க?" என்று மாமியார் தாடையில் கை வைத்துக்கொண்டார். வீடே சிரித்தது. பெண் வந்தபின் பார்த்தால் மூக்கும் முழியுமாக லட்சணமாகத்தான் இருந்தாள். வாய்தான் கொஞ்சம் நீளம். கல்யாணத்துக்கு அப்புறமும் அண்ணன் வேலை பார்த்த அதே ஐஸ் கம்பெனிக்குத்தான் போய்வந்தாள்.

ஐஸ் கம்பெனி என்பது பேச்சுக்குத்தான். அங்கே ஐஸ் விற்கவில்லை. இறாலைக் கொண்டுவந்து உரித்து, கழுவி, உறையவைத்து, பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றுவார்கள். உறையவைக்க அம்மோனியா என்ற வாயு வேண்டும். அதை மெஷின் ரூமில் அழுத்திக் குழாய் குழாயாகச் சுற்றவிடுவார்கள். எல்லாரும் அதைக் கேஸ் என்றுதான் சொல்வார்கள். குழாய்க்குள் ஓடுகிறவரை சொன்ன பேச்சு கேட்கும். வெளியே வந்துவிட்டால் கண்ணை அவித்து, தொண்டையை அடைத்து, நெஞ்சுக்குள் இறங்கிவிடும். அந்தக் குழாய்களில் ஒன்று, பெண்கள் இறால் உரிக்கிற ஹாலின் பின்சுவரோடு போனது. குழாயின் மேல் வெள்ளைவெளேரென்று பனி படர்ந்திருக்கும். வெயில் காலத்தில் பெண்கள் அதில் கையைத் தேய்த்துக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வார்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒற்றிக்கொள்வார்கள்.

மூக்கண்ணன் அங்கே சேர்ந்தது பெட்டி சுமக்க. ஒரு நாள் பெட்டியோடு மெஷின் ரூமைக் கடந்தவர் சட்டென்று நின்று, "உள்ள கேஸ் வருது" என்றார். அப்போதிருந்த ஆபரேட்டர் கிழவர், "எனக்கே வரல, உனக்கு வருதா? போடா, போய்ப் பெட்டியைத் தூக்கு" என்று விரட்டினார். ஆனாலும் மனசு கேட்காமல் கந்தகக் குச்சியைக் கொளுத்திக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகக் காட்டிப் பார்த்தார். கேஸ் கசிகிற இடத்தில் கந்தகப் புகை பால் மாதிரி வெளுக்கும். மேல் வரிசையில் ஒரு வால்வின் கழுத்தில் அது வெளுத்தது. கிழவர் குச்சியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "உனக்கு மூக்கா இல்ல வேற எதாவதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து பெட்டி தூக்குகிற வேலை போயிற்று. கிழவர் ஓய்வு பெற்றபோது மெஷின் ரூம் மூக்கண்ணன் கைக்கு வந்தது. கூடவே மதில் சுவரை ஒட்டிக் கம்பெனி கட்டியிருந்த இரண்டு அறை வீடும் வந்தது. மெஷின் ரூம்காரன் கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும் என்பதற்காகக் கொடுக்கிற வீடு அது.

நாளாக ஆக அங்கே ஒரு வழக்கம் உண்டாயிற்று. காலையில் வேலை தொடங்குமுன் பெண்கள் எல்லாரும் பிளாஸ்டிக் ஏப்ரன், ரப்பர் பூட்ஸ், தொப்பி சகிதம் ஹால் வாசலில் நிற்பார்கள். மூக்கண்ணன் தனியாக உள்ளே போவார். கோடி மேஜைவரை நடந்து, பின்சுவர்க் குழாயின் ஒவ்வொரு வால்வுக்கும் முகத்தை நீட்டி மூச்சை இழுத்துப் பார்ப்பார். திரும்பி வந்து வாசலில் நின்று, தோள் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு "போங்கம்மா" என்பார். அந்தச் சொல் வந்தால்தான் வரிசை நகரும். பிந்தி ஓடி வருகிறவள் முதலில் கேட்பது, "மூக்கண்ணன் பாத்தாச்சா?" என்பதுதான்.

மேனேஜரே வந்து விரட்டினாலும் அசைய மாட்டார்கள். "உங்க பேச்சு அப்புறம் சார், மொதல்ல மூக்கு பேசட்டும்" என்பாள் பாட்டுக்காரி. உரிக்கிற நேரம் முழுக்க வாய் ஓயாமல் பாடுகிறவள் அவள். மூக்கண்ணன் தங்கைக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு வந்தவளுக்கு, பக்கத்து இருக்கை. இரண்டு பேரும் கோடி மேஜையில், குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்கள். தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் இருந்ததால் கை கழுவ வசதி.

தங்கைக்கு அண்ணன் மேல் பெருமை பொத்துக்கொண்டு வரும். அதை நேராகச் சொல்லிவிட்டால் அவள் அவள் இல்லையே. "எங்க அண்ணன் மூக்குக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும். அண்ணிக்குத்தான் பாவம், ஒரு நாள் குளிக்காம இருக்க முடியாது" என்பாள். ஹால் முழுக்கச் சிரிப்பு பரவும்.

பிறகு சட்டம் வந்தது. வாயு வைத்திருக்கிற இடங்களில், கசிந்தால் கத்துகிற பெட்டியை மாட்ட வேண்டும் என்று அரசாங்கத்திலிருந்து உத்தரவு. மெஷின் ரூமில் ஒன்று, ஹாலில் ஒன்று என்று மாட்டினார்கள். மேனேஜர் ரூமில் ஒரு கண்ணாடி அலமாரி வைத்து அதில் முகமூடிகள் வந்தன. அவை திருட்டுப் போகக் கூடாது என்று பூட்டிச் சாவியை மேனேஜர் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். ஹாலின் பின்சுவரை உடைத்து ஒரு கதவு வைத்து, மேலே பச்சைப் பலகையில் ஓடுகிற மனிதன் படம் ஒட்டினார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கதவை மறைத்துக் காலிப் பெட்டிகள் அடுக்கடுக்காக ஏறிவிட்டன. இடம் இருந்தால் சும்மா விடுகிற கம்பெனியா அது?

கத்துகிற பெட்டியோ எடுத்ததற்கெல்லாம் கத்தியது. பழைய மெஷின். எங்கேயாவது இம்மியளவு கேஸ் வியர்த்துக்கொண்டுதான் இருக்கும். பெட்டி கத்தும், பெண்கள் வெளியே ஓடுவார்கள், இறால் மேஜையில் கிடந்து நிறம் மாறும், மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார். "மூக்கு, போய்ப் பாருய்யா!" மூக்கண்ணன் போய்ப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்துவார். பெட்டியை அணைப்பார்கள். பெட்டி கத்தினால் எழுந்து ஓடாதே, மூக்கண்ணன் வந்து விரலைக் காட்டுகிறவரை உட்கார்ந்திரு என்று மேனேஜர் உத்தரவே போட்டுவிட்டார். பெண்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. சுவரில் தொங்குகிற பெட்டிக்கு என்ன தெரியும்?

கடைசியில் எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறிப் பெட்டிகளுக்குப் போகிற கம்பியைக் கழற்றிவிட்டான். பச்சை விளக்கை மட்டும் தனிக் கம்பியில் இழுத்து எரியவிட்டான். பார்க்கிறவனுக்குப் பெட்டி உயிரோடு இருக்கிற மாதிரிதான் தெரியும். கீழே நின்று டார்ச் பிடித்தவர் மூக்கண்ணன். அவர் மனசில் அப்போது தப்பு என்று ஒன்றும் படவில்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. எனக்குப் போட்டியாக ஒரு பெட்டியா என்று.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த அதே காய்ச்சல்தான். உடம்பு தேறி வேலைக்குத் திரும்பினார். பழையபடி உள்ளே போனார், மூச்சை இழுத்தார், "போங்கம்மா" என்றார். இழுத்த மூச்சில் ஒன்றும் இல்லை என்பதை அன்றைக்கு அவர் கவனிக்கவில்லை. இறால் வாடைகூட வரவில்லை. சளி என்று நினைத்துக்கொண்டார்.

கண்டுபிடித்தது மனைவி. அடுப்பில் பாலை வைத்து, "பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனாள். திரும்பினால் தெருவரை தீய்ந்த நாற்றம். அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுப் படுத்ததும், மண்ணெண்ணெயில் நனைத்த துணி ஒன்றைத் தலைமாட்டில் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவர் குறட்டை விட்டார். எழுந்ததும் கேட்டாள்.

"என்னங்க, எத்தனை நாளா?"

"எது?"

"தலைமாட்டுல பாருங்க. பக்கத்து வீட்டுக்காரி வந்து என்ன நாத்தம்னு கேட்டுட்டுப் போறா. நீங்க அசந்து தூங்குறீங்க."

அவர் துணியை எடுத்து மூக்கில் அழுத்திக்கொண்டு இழுத்தார். விட்டுவிட்டு இன்னொரு தரம் இழுத்தார். ஈரம்தான் தெரிந்தது.

"சளி இன்னும் முழுசா இறங்கல" என்றார்.

"சளி போய் எவ்வளவோ நாளாச்சு. மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா? நாளைக்கே பழையபடி பெட்டி தூக்கப் போடுவான். இந்த இடுப்பை வச்சுக்கிட்டுத் தூக்குவேனா? இந்த வீட்டுச் சாவியைக் கேப்பான்."

"வீடு போனா வேற வீடு. உங்க தங்கச்சி அந்தக் குழாய்க்குக் கீழ உக்காந்திருக்காங்க."

"கண்ணு எரிஞ்சா எனக்குத் தெரியாதா?"

"கண்ணு எரியிற வரைக்கும் விடுறதுக்கா உங்களை அங்க வச்சிருக்காங்க?"

"வாயை மூடுடி" என்றார். அத்தனை வருஷத்தில் அவளிடம் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. அவள் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

இடுப்பும் வீடும் வெளியில் சொல்லக்கூடிய காரணங்கள். உள்ளே இருந்தது வேறு. அத்தனை பெண்கள் தன் முகத்தைப் பார்த்து நிற்க, மேனேஜரே ஓரமாக ஒதுங்கி நிற்க, தான் ஒரு சொல் சொன்னால் வரிசை நகர்கிறது. பெட்டி சுமந்த ஆளுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? அதை விட்டுக்கொடுக்க அவரால் முடியவில்லை.

அதனால் நடிக்க ஆரம்பித்தார். வால்வு வால்வாக முகத்தை நீட்டினார், மூச்சை இழுத்தார், தலையை ஆட்டினார். குழாய்ப் பனியில் எங்கேயாவது ஓட்டை விழுந்திருக்கிறதா என்று கண்ணால் தேடினார். மெஷின் சத்தத்தில் மாற்றம் இருக்கிறதா என்று காது கொடுத்தார். கந்தகக் குச்சியை எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் மூக்கண்ணனுக்கு எதற்குக் குச்சி என்று யாராவது கேட்டுவிட்டால்? அதைத் தொடவே இல்லை. எல்லாவற்றையும்விட, பெண்களின் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார். யாராவது மூக்கைச் சுளிக்கிறார்களா, கண்ணைக் கசக்குகிறார்களா என்று. அவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத் தைரியமாக இருந்தார்கள். அவர் அவர்கள் முகத்தைப் பார்த்துத் தைரியமாக இருந்தார். இரண்டு பக்கமும் இப்படி ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டிருக்க, நடுவில் குழாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஹாலுக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். சின்ன வயசு, அதிர்ந்து பேசாதவள். எல்லாரும் அவளைப் புதுசு என்றே கூப்பிட்டார்கள். ஒரு காலை மூக்கண்ணன் பார்த்துவிட்டு வந்து "போங்கம்மா" என்று சொன்ன பிறகு, அவள் கோடி மேஜைப் பக்கம் போய் நின்றுவிட்டாள்.

"அண்ணே, இந்தப் பக்கம் லேசா என்னமோ குத்துதே."

அவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அது ப்ளீச்சிங் பவுடர்ம்மா. தரை கழுவியிருக்காங்க" என்றார்.

"இல்லண்ணே, இது வேற மாதிரி..."

பாட்டுக்காரி விடவில்லை. "ஏய் புதுசு, வந்து நாலு நாள் ஆகல, மூக்கண்ணனுக்கே மூக்கு வச்சு விடுறியா? உக்காரு, உக்காரு."

"இவ மூக்கை மெஷின் ரூம்ல மாட்டிடுவோம், எங்க அண்ணன் வந்து இறால் உரிக்கட்டும்" என்றாள் தங்கை.

ஹால் சிரித்தது. புதுசு முகம் சிவந்து உட்கார்ந்தாள். மூக்கண்ணனும் சிரித்தார். அந்தப் பெண் அதற்கப்புறம் அடிக்கடி தலையைத் திருப்பிக் குழாயைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். தன் மூக்குதான் சரியில்லையோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஹாலில் உண்மையைச் சொன்ன ஒரே மூக்கு அது. அதை அவர்தான் அடைத்துவிட்டார். இது அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டு, கை வைக்காமல் எழுந்துபோனார்.

கொஞ்ச நாள் கழித்துத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். வருகிறார் என்பது முதல் நாளே மேனேஜருக்குத் தெரியும். பின்கதவை மறைத்த பெட்டிகள் இடம் மாறின. முகமூடி அலமாரியைத் துடைத்து வைத்தார்கள். பெண்களுக்குப் புதுக் கையுறை கிடைத்தது. இன்ஸ்பெக்டர் முழங்கால் வலிக்காரர். நின்று நின்று நடந்தார். ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"கேஸ் கசிஞ்சா உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்களுக்கு மூக்கண்ணன் இருக்காரு சார்!" என்றார்கள் கோரஸாக.

"அது யாரு?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின் ரூமில் நின்றவரைக் கை காட்டினார்கள். இன்ஸ்பெக்டர் அங்கே போனார். கதை முழுக்கக் கேட்டார். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, மூக்குக்குச் சளி பிடிச்சா?" என்று கேட்டார்.

மேனேஜர் வயிறு குலுங்கச் சிரித்தார். மூக்கண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டை மூக்கருகே கொண்டுபோனதை இன்ஸ்பெக்டர் பார்த்தாரோ என்னவோ.

"பெட்டி வேலை செய்யுதா? நீங்க சொல்லுங்க."

மேனேஜர் இன்ஸ்பெக்டரின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். மூக்கண்ணன், "பச்சை விளக்கு எரியுது சார்" என்றார்.

"விளக்கு எரியுதான்னு கேக்கல. சோதனை பண்ற கேஸ் பாட்டில் ஆபீஸ்ல இருக்கு. அடுத்த தடவை எடுத்துட்டு வர்றேன். பெட்டிகிட்ட பிடிச்சுப் பாப்போம்."

அவர் வண்டி கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் எலக்ட்ரீஷியனைத் தேடினார். அவன் ஊருக்குப் போயிருந்தான். "வந்ததும் கம்பியை மாட்டிடச் சொல்லு. அவர் பாட்டிலோட வர்றதுக்குள்ள கத்தினாப் போதும்" என்று மூக்கண்ணனிடம் சொன்னார். பின்கதவுப் பெட்டிகள் சாயங்காலத்துக்குள் பழைய இடத்துக்கே வந்து ஏறின.

மூக்கண்ணன் வீட்டுக்குப் போய் அன்றைக்கு நடந்ததை மனைவியிடம் சொன்னார். அவளிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

"அவர் கேட்டாரு. நீங்க சொல்லல" என்றாள் அவள்.

"எலக்ட்ரீஷியன் வந்து மாட்டிடுவான்."

"அவன் வர்ற வரைக்கும் கேஸ் காத்துக்கிட்டு இருக்குமா? இதோ பாருங்க. நாளைக்குக் காலையில நீங்க சொல்லணும். இல்லன்னா கேட்டுல வந்து நின்னு நான் சொல்வேன். என்னைப் பைத்தியம்னு சொன்னாலும் சரி."

அவர் விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, "சொல்றேன்" என்றார்.

மறுநாள் காலை பெண்கள் வழக்கம்போல் வாசலில் நின்றார்கள். அவர் உள்ளே போகவே இல்லை. வாசலிலேயே நின்றார். துண்டு தோளில் இல்லை, கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"நான் பாக்கலம்மா. பாத்தாலும் பிரயோஜனம் இல்ல. எனக்கு வாடையே தெரியல. காய்ச்சல் வந்ததுல இருந்து தெரியல. இத்தனை நாளும் சும்மாதான் சொன்னேன்."

பாட்டுக்காரி, "அண்ணிகூடச் சண்டையா? காலங்காத்தால நாடகம் போடுறீங்க" என்றாள். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். வருஷக்கணக்காக நம்பியதை ஒரு வாக்கியத்தில் விட்டுவிட யாருக்கு வரும்?

"விளையாடலம்மா. சத்தியமா."

புதுசு மட்டும் சிரிக்கவில்லை. வாசல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டாள். "வருது. இன்னிக்கு நல்லாவே வருது. நான் உள்ள போகல" என்றாள். அவள் பக்கத்தில் நின்ற சிலர் தயங்கினார்கள்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "என்ன கூத்து இது? ராத்திரி வந்த இறால் மொத்தமும் மேஜையில கிடக்கு. யோவ் மூக்கு, தள்ளு." வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வரலயே! கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும். போங்க உள்ள. வராதவங்க நாளைக்கும் வர வேண்டாம்."

மூக்கண்ணன் வாசலில் இரண்டு கையையும் நீட்டி மறித்தார். தங்கை வந்து அவர் கையைப் பிடித்தாள். அவள் குரலில் கேலி இருந்தது. கேலிக்குள் பயமும் இருந்தது. அண்ணனை எல்லார் முன்னாலும் மேனேஜர் அவமானப்படுத்திவிடக் கூடாதே என்ற பயம்.

"அண்ணே, உடம்பு சரியில்லன்னா வீட்டுல படு. வேலைக்கு வெடி வைக்காத. தள்ளு, ஐஸ் உருகுது."

"வேணாம் தங்கச்சி."

"உன் மூக்கு எங்கயும் போகாதுண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் கையை இறக்கிவிட்டு முதல் ஆளாக உள்ளே போனாள். அவள் போனதால் பாட்டுக்காரி போனாள். பாட்டுக்காரி போனதால் மற்றவர்கள் போனார்கள். புதுசும் தயங்கி நின்றவர்களும் வெளியே நின்றுகொண்டார்கள்.

அவர் மெஷின் ரூமுக்கு ஓடினார். சிவப்புப் பொத்தானை அடித்து மெஷினை நிறுத்தினார். ஆனால் குழாய்க்குள் ஏற்கனவே அழுத்தி வைத்தது அப்படியேதான் இருக்கும். ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, டார்ச் பிடித்தபோது எலக்ட்ரீஷியன் எந்தக் கம்பியைக் கழற்றினான் என்று பார்த்திருந்தாரே, அதைப் பல்லால் கடித்து உரித்துத் திரும்பச் சொருகினார். இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் அலறின.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்கள் தலையைத் தூக்கினார்கள். கையில் பாதி உரித்த இறால். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. எல்லா முகமும் கண்ணாடி வழியாக அவரையே பார்த்தது. பெட்டி கத்தினால் மூக்கண்ணன் விரலைக் காட்டுகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படித்தானே பழக்கியிருந்தது! அவர் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தார். "வெளிய போங்க! வெளிய!" என்று கத்தினார். பெட்டியின் அலறலில் அவர் குரல் கரைந்துபோயிற்று. அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பொறுமையாக.

சுற்றி ஓடிவந்து ஹால் வாசலுக்குள் நுழைந்து, கிட்ட இருந்தவர்களைத் தோளைப் பிடித்து வெளியே தள்ள ஆரம்பித்தார். அப்போதுதான் விளங்கி எல்லாரும் எழுந்தார்கள். முன் மேஜை வெளியேறியது. நடு மேஜை பாதி வெளியேறியது. அந்த நேரம் கோடி மேஜைக்குப் பின்னால், எத்தனையோ நாளாக வியர்த்துக்கொண்டிருந்த வால்வின் கழுத்து பிய்த்துக்கொண்டது. சீறுகிற சத்தம். வெள்ளைப் புகை சுவரிலிருந்து தரைக்கு இறங்கி, அங்கிருந்து எழுந்தது. கோடி மேஜை இருந்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

முகமூடிச் சாவியோடு மேனேஜர் கேட்டுக்கு ஓடிவிட்டிருந்தார். மூக்கண்ணன் துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி முகத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். கண்ணைத் திறக்க முடியவில்லை. மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே போனார். கையில் ஒரு தலைமுடி தட்டியது, ஒரு கை தட்டியது. யார் என்று தெரியாமலே இழுத்துக்கொண்டு வந்தார். வெளியே வெளிச்சத்தில் கிடத்திய பிறகுதான் அது தங்கை என்று தெரிந்தது. மறுபடி போகத் திரும்பியவர் வாசலிலேயே விழுந்துவிட்டார்.

பாட்டுக்காரியும் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த இன்னொருத்தியும் வாசலுக்கு வரவில்லை. பச்சைப் பலகையில் ஓடுகிற மனிதனை நம்பிப் பின்பக்கம் ஓடியிருக்கிறார்கள். தீயணைப்புக்காரர்கள் தண்ணீர் பீய்ச்சிப் புகையை அடக்கியபின், காலிப் பெட்டிகளுக்கு முன்னால் இருவரின் உடலையும் எடுத்தார்கள். மேல் வரிசைப் பெட்டிகள் சரிந்து கிடந்தன. இழுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

தங்கை பிழைத்தாள். ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. நெஞ்சு பாதிதான் விரியும். மூக்கண்ணன் நடக்க முடிந்த அன்றே அவள் கட்டிலருகே போய் நின்றார். அவள் முதலில் பாட்டுக்காரியைக் கேட்டாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதுவே பதில் என்று அவளுக்கு விளங்கியது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியபடி கேட்டாள்.

"இப்ப என் மேல என்ன வாடை வருதுண்ணே? மருந்து வாடையா, வேற எதாவதா? மோந்து பாத்துச் சொல்லு."

அவர் நின்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவரிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அவர் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். எங்கள் வீட்டிலும் யாரும் அவளை வற்புறுத்தவில்லை.

விசாரணை நடந்தது. முழங்கால் வலி இன்ஸ்பெக்டர்தான் கேட்டார். மேனேஜர், "ஆபரேட்டர் சரின்னு சொன்னார், நான் நம்பினேன்" என்றார். எலக்ட்ரீஷியன், "மேனேஜர் சொன்னார், கழற்றினேன்" என்றான். புதுசு தான் சொன்னதையும், சொன்னபோது எல்லாரும் சிரித்ததையும் சொன்னாள். மூக்கண்ணனை யாரும் மடக்கிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. "மூக்கு போனது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போங்கம்மான்னு சொன்னேன். டார்ச்சும் நான்தான் பிடிச்சேன்" என்றார். இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டு, "அன்னிக்கு நான் கேட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

மேனேஜரையும் எலக்ட்ரீஷியனையும் இவரையும் சேர்த்து வழக்கு போட்டார்கள். மேனேஜருக்கு வக்கீல் இருந்தார். இவர் குற்றத்தை ஒத்துக்கொண்டு ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். அதற்குள் கம்பெனி வீட்டைக் காலி செய்து சாவியை மனைவியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். கம்பெனி கொஞ்ச காலம் மூடிக் கிடந்து, வேறு பலகை மாட்டித் திறந்தது. வால்வுகள் புதுசு. பெட்டிகள் புதுசு. பெட்டி கத்தினால் பெண்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுகிறார்கள், மாதத்துக்கு ஒரு தடவையாவது வீணாக ஓடுகிறார்கள். அந்தக் குழாய் மட்டும் அதே பின்சுவரோடுதான் போகிறது.

மூக்கண்ணன் இப்போது ஊருக்கு வெளியே லாரிகளை எடை போடுகிற நிலையத்தில் காவல்காரராக இருக்கிறார். அதற்குப் பின்னால் உள்ள தகர வீட்டில் அவரும் மனைவியும் குடியிருக்கிறார்கள்.